எம்.சி.சி. ஆன்லைன் கவுன்சலிங்: ஒதுக்கீட்டில் குறையில்லை, விளக்கத்தில்தான் பஞ்சம்

நீட் ரேங்க் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த ரேங்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" என்பதுதான். ஆனால் மெடிக்கல் கவுன்சலிங் கமிட்டி, அதாவது எம்.சி.சி., நடத்தும் ஆன்லைன் கவுன்சலிங் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அது நம்மைத்தான் கேட்கிறது: "எந்தக் கல்லூரியை எதற்கு மேலே எழுதுகிறீர்கள்?" இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் தளத்துக்குள் போகிறவர்கள்தான் நல்ல ரேங்க் இருந்தும் வேண்டாத கல்லூரியில் போய் உட்கார்கிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்களும் பெற்றோரும் இந்தச் சேவையை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே விழித்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் எதெல்லாம் இதில் அடங்கும் என்று தெரிய வேண்டும். மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள், எல்லா எய்ம்ஸ் கல்லூரிகள், ஜிப்மர், டெல்லி, பனாரஸ், அலிகர் பல்கலைக்கழகக் கல்லூரிகள், இ.எஸ்.ஐ. கல்லூரிகளின் ஒரு பகுதி, நாடு முழுவதும் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா எம்.பி.பி.எஸ். இடங்கள் ஆகியவை எம்.சி.சி. வழியாக நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் மீதி 85 சதவீதமும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடும் நிர்வாக ஒதுக்கீடும் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநிலத் தேர்வுக்குழுவின் கையில் இருக்கின்றன. ஆக ஸ்டான்லி, மதுரை, கோவை போன்ற கல்லூரிகள் இரண்டு வரிசையிலும் வரும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றில் போட்ட பதிவு மற்றொன்றுக்குச் செல்லாது.

இந்தச் சேவையின் பெரிய பலம் அதன் ஒதுக்கீட்டு முறை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இடம் மிச்சம் இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறது. வேறெந்தக் கணக்கும் இல்லை. ஒரு கல்லூரியை முதல் வரியில் எழுதினாலும் நாற்பதாவது வரியில் எழுதினாலும் அந்தக் கல்லூரியில் உங்கள் தகுதி மாறாது. அதை ஐந்தாவதாக எழுதியவரின் ரேங்க் உங்களைவிட மேலே இருந்தால் அவருக்குத்தான் போகும். கீழே இருந்தால், நீங்கள் அதை ஐம்பதாவதாக எழுதியிருந்தாலும் உங்களுக்குத்தான்.

இதிலிருந்து பட்டியல் போடுவதற்கு ஒரே ஒரு விதி பிறக்கிறது: ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள், கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் எழுதாதீர்கள். "எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி) எப்படியும் கிடைக்காது, அதை மேலே போட்டு முதல் இடத்தை ஏன் வீணடிக்க வேண்டும்" என்று சொல்லும் பெற்றோர் நிறைய. முதல் இடம் வீணாகாது. கிடைக்காவிட்டால் கணினி ஒரு வரி கீழே இறங்கும், அவ்வளவுதான். மாறாக, "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான கல்லூரியை மேலே போட்டால், அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கணினி அங்கேயே நின்றுவிடும். கீழே நீங்கள் எழுதிய நல்ல கல்லூரிகளில் இடம் காலியாக இருந்தாலும் அந்தச் சுற்றில் அவை உங்களுக்கு இல்லை. இந்த ஒரு தவறுக்கு அந்தத் தளத்தில் எந்த எச்சரிக்கையும் வராது.

எத்தனை கல்லூரி எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. ஆகவே பட்டியலைச் சுருக்கிக் கொடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. சேரவே மாட்டோம் என்று முடிவு செய்த கல்லூரியை மட்டும் விட்டுவிட வேண்டும். இடம் கிடைத்தபின் யோசிக்கலாம் என்று அதையும் எழுதி வைப்பது பின்னால் பணத்தில் வந்து முடியும்.

பட்டியலைத் தளத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். கல்லூரிப் பெயர்கள் நீளமாக, ஒரே மாதிரி எழுத்தில் வரும். ஒரே கல்லூரி வெவ்வேறு கோட்டாவின் கீழ் இரண்டு மூன்று முறை வரும். ஜிப்மரில் புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டுமான உள் ஒதுக்கீடும் திறந்த ஒதுக்கீடும் தனித்தனி வரிகள். இ.எஸ்.ஐ. கல்லூரியில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கான வரி தனி. நிகர்நிலையில் சாதாரணக் கட்டண இடமும் என்.ஆர்.ஐ. இடமும் தனி. முதலில் தாளிலோ எக்செல்லிலோ வரிசை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கோட்டா பெயரையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம் தளத்தில் ஏற்றுங்கள். ஏற்றியதும் ஒருவர் தாளை வாசிக்க, இன்னொருவர் திரையைச் சரிபார்க்கட்டும். அதன்பின் லாக் செய்து, லாக் ஆன பட்டியலின் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாக் செய்யாமல் விட்டால் நேரம் முடிந்ததும் சேமித்த வரிசையே தானாகப் பூட்டிக்கொள்ளும். அரைகுறையாகச் சேமித்திருந்தால் அரைகுறைதான் பூட்டப்படும். பூட்டியதை அந்தச் சுற்றில் திறக்க முடியாது.

எந்தக் கல்லூரி எட்டும் என்று பார்க்க மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2024இல் முதலிடம் பிடித்தவர்கள் 720க்கு 720 எடுத்தார்கள். 2025இல் முதலிடத்தின் மதிப்பெண் 686. வினாத்தாள் கடினமானால் மதிப்பெண் மொத்தமாக இறங்கும், ரேங்க் இறங்காது. போன வருடத்து ரேங்கைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு எம்.சி.சி. ஒவ்வொரு சுற்றின் முடிவையும் முழுப் பட்டியலாக, இலவசமாக வெளியிடுகிறது. இந்தச் சேவையில் மனதாரப் பாராட்ட வேண்டிய விஷயம் இது. ஒவ்வொரு வரியிலும் ரேங்க், கோட்டா, கல்லூரி, படிப்பு, இடம் ஒதுக்கப்பட்ட பிரிவு, மாணவரின் பிரிவு, குறிப்பு என்று எல்லாம் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். "ஒதுக்கப்பட்ட பிரிவு", "மாணவரின் பிரிவு" என்று இரண்டு பத்திகள் இருப்பதைக் கவனியுங்கள். ஓ.பி.சி. மாணவர் ஒருவர் பொதுப் பிரிவு இடத்தையே ரேங்கில் பிடித்திருப்பார். அவர் வரியில் முதல் பத்தி பொது என்றும் இரண்டாவது ஓ.பி.சி. என்றும் இருக்கும். ஓ.பி.சி. இடம் எந்த ரேங்கில் முடிந்தது என்று அறிய, ஒதுக்கப்பட்ட பிரிவு ஓ.பி.சி. என்று உள்ள வரிகளை மட்டும் பிரித்து, அதில் கடைசி ரேங்கை எடுக்க வேண்டும். மாணவரின் பிரிவை வைத்துப் பிரித்தால் இரண்டு வகை இடமும் கலந்துபோய்க் கணக்கு குழம்பிவிடும். இரண்டாம் சுற்றுப் பட்டியலில் முதல் சுற்று இடமும் பக்கத்திலேயே இருக்கும். கடைசிப் பத்தியில் புதிதாக ஒதுக்கீடு, அப்கிரேடு (பட்டியலில் மேலே எழுதிய வேறு இடத்துக்கு மாறுவது), மாற்றமில்லை என்ற குறிப்பு இருக்கும். முதல் சுற்று கட்-ஆஃபுக்கும் (கடைசியாக இடம் கிடைத்த ரேங்க்) மூன்றாம் சுற்று கட்-ஆஃபுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கும் என்பதால், மூன்று சுற்றையும் ஒரே கல்லூரிக்கு அருகருகே எழுதிப் பாருங்கள்.

இரண்டாம் சுற்றுக்கு முன் காலியிடப் பட்டியல் வரும். அதில் உறுதியான காலியிடம், அப்கிரேடால் காலியாகக்கூடிய இடம் என்று இரண்டு வகை. பலர் முதல் வகையை மட்டும் பார்த்து, அந்தக் கல்லூரிகளை மட்டும் எழுதுகிறார்கள். மதுரையில் சேர்ந்த ஒருவர் அதே சுற்றில் சென்னைக்கு மாறினால், அவர் விட்ட மதுரை இடம் அந்த நிமிடமே அடுத்த ரேங்குக்காரருக்குப் போகும். காலியாக இல்லாத கல்லூரியும் சுற்றுக்குள் காலியாகும். எனவே பூஜ்யம் என்று காட்டினாலும் எழுதுங்கள்.

அப்கிரேடு பற்றி இன்னும் கறாராகச் சொல்ல வேண்டும். கிடைத்த கல்லூரியில் சேரும்போது "அப்கிரேடுக்குச் சம்மதமா?" என்று கேட்பார்கள். ஆம் என்று சொன்னால் அடுத்த சுற்றில் புதிதாகப் பட்டியல் கொடுக்க வேண்டும். பழைய பட்டியல் தொடராது. அந்தப் புதுப் பட்டியலில், கையில் இருக்கும் கல்லூரியைவிட நிச்சயமாக மேல் என்று நினைப்பவற்றை மட்டும் எழுதுங்கள். அதில் எது கிடைத்தாலும் பழைய இடம் தானாக ரத்தாகிவிடும். "சும்மா இருக்கட்டும்" என்று எழுதிய ஒரு வரிக்காகக் கையில் இருந்த நல்ல இடம் போய்விடும். திரும்பக் கேட்டு வாங்க வழி கிடையாது. மேலே எதுவும் கிடைக்கவில்லை என்றால் பழைய இடம் அப்படியே இருக்கும்.

சுற்றுகள் நான்கு. முதல் சுற்றில் இடம் கிடைத்தும் சேராவிட்டால் நஷ்டம் இல்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் பதிவின்போது கட்டிய டெபாசிட் போகும். தொடர வேண்டுமானால் மூன்றாம் சுற்றுக்குப் புதிதாகப் பணம் கட்டிப் பதிய வேண்டும். மூன்றாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் டெபாசிட்டோடு வாய்ப்பும் முடிந்தது. கடைசிச் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் டெபாசிட்டோடு ஒரு வருடம் நீட் எழுதவும் தடை. படிப்படியாக இறுகும் இந்த முறை நியாயமானதுதான். இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வீணாக்குபவர்களை இது தடுக்கிறது. ஆனாலும் தேதி, நிபந்தனைகளை அந்தந்த வருடக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்ற அறிவிப்புகள் வருவது வழக்கம். தளத்தின் அறிவிப்புப் பகுதியைக் கவுன்சலிங் முடியும்வரை தினமும் காலை, மாலை இரண்டு முறை திறந்து பார்ப்பது நல்லது.

பண விஷயம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவினர் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 10,000, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 500, 5,000. நிகர்நிலைக்கு எல்லோருக்கும் 5,000 கட்டணம், 2 லட்சம் டெபாசிட். டெபாசிட் எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்குத்தான் திரும்பும். பிரவுசிங் சென்டர்காரர் கார்டில் கட்டினால் அவர் கணக்குக்குப் போய்ச் சேரும். மாமா கார்டு, பக்கத்து வீட்டுக்காரர் நெட் பேங்கிங் என்று போகாமல், பெற்றோரின் சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள். கவுன்சலிங் முடிந்து பணம் வரும்வரை அந்தக் கணக்கை மூட வேண்டாம். 2 லட்சம் கட்டுபவர்கள் வங்கியின் ஒருநாள் பரிவர்த்தனை வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வைக்க வேண்டும். கடைசி மணி நேரத்தில் பரிவர்த்தனை பாதியில் நின்றால், பணம் போனதா வந்ததா என்று தெரிவதற்குள் பதிவு மூடிவிடும்.

ஓ.பி.சி. சான்றிதழில் தமிழ்நாட்டு மாணவர்கள் தடுக்கி விழுவது வாடிக்கையாகிவிட்டது. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. நிரந்தரச் சாதிச் சான்று மாநிலக் கவுன்சலிங்குக்குப் போதும். எம்.சி.சி.க்குச் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சமூகத்தின் பெயர் இருக்க வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் ஒதுக்கீடு கிடையாத வசதியான பிரிவு) வரவில்லை என்ற சான்று வேண்டும். 8 லட்சம் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. அரசு ஊழியர்களுக்குப் பதவியின் அடிப்படையில் தனி விதி. இது தெரியாமல் "எங்களுக்குச் சம்பளமே 8 லட்சத்தைத் தாண்டும்" என்று 27 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்காமலேயே விட்டவர்கள் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சான்று வரச் சில நாட்கள் பிடிக்கும், ரேங்க் வரும்வரை காத்திருக்காமல் தேர்வு முடிந்ததுமே விண்ணப்பியுங்கள். பதிவில் ஓ.பி.சி. என்று போட்டுவிட்டு, கல்லூரியில் சேரும் நாளில் சான்று இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

சேவையின் குறைக்கு வருவோம். நீட்டைத் தமிழில் எழுதலாம்; ஆனால் எழுதித் தேறிய மாணவர் அடுத்த வாரமே நீண்ட ஆங்கிலச் சட்ட நடைக் கையேட்டைத் தனியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். தேர்வை 13 மொழிகளில் நடத்த முடிகிறது என்றால், அப்கிரேடு விதியையும் டெபாசிட் விதியையும் இரண்டு பக்கத்தில் தமிழில் சொல்ல முடியாதா?

அதைவிட மோசம், கல்லூரியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேர்ந்தெடுக்கச் சொல்வது. இடங்களின் எண்ணிக்கை இருக்கும். கட்டணம், பாண்டு விவரங்கள் கல்லூரிப் பக்கத்தில் ஓரளவு இருக்கும். பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடத் தளத்தில் வழியே இல்லை. பாண்டை ஒரு நிமிடம் பாருங்கள்: மகாராஷ்டிரா அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தால் ஒரு வருடம் அரசுப் பணி, இல்லையேல் 10 லட்சம் ரூபாய். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாதியில் படிப்பை விட்டால் அபராதம் என்பது இன்னொரு தனி நிபந்தனை. வெளிமாநிலக் கல்லூரி எழுதுமுன் இரண்டையும் வரிக்கு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரி மேல் என்பதை முடிவு செய்யக் கட்டடத்தைப் பார்க்காமல் மருத்துவமனையைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும். இரண்டாம் கட்டத்திலிருந்தே வார்டுக்குப் போக வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 100 இடம் உள்ள கல்லூரிக்குக் குறைந்தது 420 படுக்கைகள், 150 இடத்துக்கு 605 படுக்கைகள் தேவை. அந்தக் குறைந்தபட்சத்தை எல்லோருமே காகிதத்தில் காட்டுவார்கள். நேரில் போய்க் காண வேண்டியது வேறு. ஒரு வேலை நாளில் காலை ஒன்பதரை மணிக்குப் பொது மருத்துவ ஓ.பி. வாசலில் நில்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம்? மதியத்துக்கு மேல் பிரசவ வார்டும் எலும்பு முறிவு வார்டும் நிரம்பியிருக்கின்றனவா? மாணவர்கள் நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களா, சுவர் ஓரமாக நிற்கிறார்களா? விரிப்பு மடியாத வெற்றுக் கட்டில்கள் வரிசையாக இருக்கும் வார்டில் எந்தப் பேராசிரியராலும் மருத்துவம் கற்றுத்தர முடியாது.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், கள்ளக்குறிச்சி, நாமக்கல், விருதுநகர், நீலகிரி போன்றவை. "புதுசு" என்று இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ள வேண்டாம். மாவட்ட மருத்துவமனைக் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. பி.ஜி. மாணவர்கள் அதிகம் இல்லாத இடத்தில் ஹவுஸ் சர்ஜனின் கைக்கு வேலை கூடுதலாக வரும். குறை இருக்கக்கூடிய இடம் மூத்த ஆசிரியர் எண்ணிக்கையும் விடுதியும். அதை அங்கே படிக்கும் மூன்றாம் வருட மாணவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 1835இல் தொடங்கிய எம்.எம்.சி.யின் பலம் வேறு: ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பல சிறப்புத் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, அரிய நோயும் வந்து சேரும். ஆனால் வருடத்துக்கு 250 பேர் கூடப் படிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது என்பதற்கு மதுரை எய்ம்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் முதல் 50 மாணவர்களின் வகுப்பு தொடங்கியது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான். எந்தப் புதிய நிறுவனமானாலும், வகுப்பு எங்கே, வார்டு எங்கே, விடுதி எங்கே என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வட மாநிலக் கல்லூரி என்றால் நான்காவதாக மொழி. நோயாளியிடம் வயிற்று வலி எப்போது தொடங்கியது, சாப்பிட்ட பின் கூடுகிறதா என்று இந்தியிலோ வங்காளத்திலோ கேட்கப் பழக ஆறு மாதமாவது ஆகும். முடியாத காரியம் இல்லை. தெரிந்து போனால் போதும்.

நிகர்நிலைக்குப் போவோர் வருடக் கட்டணத்தோடு நிற்காமல் மொத்தத்தைக் கூட்டுங்கள். பல கல்லூரிகளில் படிப்புக் கட்டணமே வருடம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, உணவு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், வருடாந்தர உயர்வு எல்லாம் அதற்கு மேல்.

கவுன்சலிங் வழிகாட்டி என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் தனியார் சேவைகளைப் பற்றி: அவர்கள் தரும் கட்-ஆஃப் அட்டவணை எம்.சி.சி. இலவசமாக வெளியிடும் பட்டியலிலிருந்து எடுத்ததே. எக்செல்லில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். பட்டியலை அவர்களே போட்டு லாக் செய்யத் தரும்படி ஓ.டி.பி. கேட்டால், எவ்வளவு தெரிந்தவர் என்றாலும் கொடுக்காதீர்கள். "மேனேஜ்மென்ட் சீட் நேரடியாக வாங்கித் தருகிறோம்" என்பவரிடம் பேச்சே வேண்டாம். நிகர்நிலை எம்.பி.பி.எஸ். இடம் எம்.சி.சி. வழியாகவும், தமிழ்நாட்டுத் தனியார் நிர்வாக ஒதுக்கீடு மாநிலத் தேர்வுக்குழு வழியாகவும்தான் வரும்.

மாநில வரிசையையும் கூடவே நகர்த்த வேண்டும். அங்கே 69 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அகில இந்திய வரிசையில் எட்டாத சென்னைக் கல்லூரி மாநில வரிசையில் எட்டுவது சாதாரணம். ஆகவே முதல் சுற்றில் வெளிமாநிலத்தில் இடம் கிடைத்தால், மாநில முடிவு எப்போது வரும் என்று தேதியைப் பார்த்துவிட்டுச் சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

காரணம், சேர்ந்தால் டி.சி.யும் அசல் சான்றிதழ்களும் அந்தக் கல்லூரியில் போய்விடும். மாநிலத்தில் இடம் வந்தால் அங்கிருந்து விலக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் விலகியதாகாது. கல்லூரி அதை எம்.சி.சி. தளத்தில் பதிந்து, அங்கிருந்து எடுக்கும் விலகல் கடிதத்தை உங்கள் கையில் தர வேண்டும். சேரும்போதும் அப்படியே, தளத்திலிருந்து எடுத்த சேர்க்கைக் கடிதம் இல்லாமல் கல்லூரி வாசலை விட்டு நகராதீர்கள். விலகுவதற்கு அறிவித்த கடைசி நாள், கடைசி மணி வரை காத்திருக்கவும் வேண்டாம். டேராடூனிலோ ராஞ்சியிலோ அலுவலகம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டால், அசல் சான்றிதழ் அங்கே உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். கிளம்புமுன் எல்லா அசல்களுக்கும் வண்ண ஸ்கேன், ஐந்து செட் நகல், எட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.